நீல பேசின்

இரண்டாவது பேசினையும் அந்தப் பெண் கவிழ்த்துவிட்டாள். பச்சைத் தண்ணீர் மொட்டைமாடி சிமெண்டில் பரவி, துணிக்கொடிக்குக் கீழே வளைந்து, மழைநீர்க் குழாயைத் தேடி ஓடியது. கூடவே கற்களும் உருண்டன. உள்ளங்கை அகலத்தில் தட்டையான ஆற்றுக் கற்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் பன்னிரண்டு நாள் வெயிலில் வளர்ந்த பாசி, வெல்வெட் துணி ஒட்டியது போல வழவழவென்று இருந்தது. ஜுரேமா படிக்கட்டின் உச்சியில் நின்றாள். கையில் ஊசி, ஊசியில் கோத்த வெள்ளை நூல். கீழே ஒரு கல்யாண கவுனின் கீழ்மடிப்பைத் தைத்துக்கொண்டிருந்தவள், யாரோ கேட்டைத் திறந்து நேராக மாடிக்கு ஏறுகிற சத்தம் கேட்டு, ஊசியைக்கூடக் குத்திவைக்காமல் ஓடி வந்திருந்தாள்.

“மகளே, அதைத் தொடாதே. வலை போட்டு மூடித்தானே வச்சிருக்கேன். கண்ணு தெரியலையா உனக்கு?”

“தெரியுது தோனா ஜுரேமா. இந்த மாதிரி மூடி நான் எந்த மாடியிலயும் பாத்ததில்ல. எலாஸ்டிக் எல்லாம் வச்சு, குழந்தை ஜட்டி மாதிரி தெச்சிருக்கீங்க.” சொல்லிக்கொண்டே மூன்றாவதின் வலையை உருவினாள் எடிலேனி.

எடிலேனி கொசு ஒழிப்பு ஆள். மஞ்சள் மேல்சட்டை, தோளில் பை, இடுப்பில் டார்ச். மூன்று வருஷமாக இந்தத் தெருவுக்கு வருகிறாள். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டுக் காப்பியில் சர்க்கரை தூக்கலாக இருக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ‘தோனா’ என்று மரியாதை போட்டே கூப்பிடுவாள். கெட்ட பெண் இல்லை, அதுதான் ஜுரேமாவுக்கு எரிச்சலைக் கூட்டியது. முரட்டுத்தனமாக வந்த ஆளாக இருந்தால் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு விரட்டியிருக்கலாம். இவளோ ஒவ்வொரு பேசினுக்கும் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கவிழ்த்தாள். இந்த மார்ச்சில் மட்டும் அக்கம்பக்கத்துத் தெருக்களில் பதினோரு பேருக்கு டெங்கு. காய்ச்சல் வந்த வீட்டைச் சுற்றி இத்தனை தெரு என்று கணக்கு. அதற்குள் தேங்கிய தண்ணீர் எதுவானாலும், மூடியிருந்தாலும், கொட்டியே ஆகவேண்டும் என்று மேலிடத்து உத்தரவாம்.

“இதுல ஒண்ணுலயாவது புழு இருக்கா, சொல்லு. டார்ச் அடிச்சுப் பாத்துட்டுச் சொல்லு.”

“இல்ல.”

“அப்புறம் எதுக்குக் கவுக்குற?”

“உத்தரவு தோனா ஜுரேமா. நான் என்ன பண்ணட்டும்?”

நான்காவது, ஐந்தாவது. ஜுரேமா குனிந்து கற்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். தண்ணீர் போனால் போகட்டும். கல்லை மட்டும் ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் பாசி இரண்டு நாள் தாங்கும், அதற்குள் ஏதாவது வழி பண்ணலாம். பாவாடை மடியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். வாய் எடிலேனியை வைதது, அவளை அனுப்பிய ஆபீசை வைதது, கொசுவை வைதது, கடைசியில் சுற்றிவளைத்து எப்போதும் போல அடெனோரிடமே வந்து நின்றது. இந்தக் கற்களுக்கெல்லாம் மூலகாரணம் அவன்தான்.

அடெனோர் அவளுடைய கணவன். சட்டப்படி இன்னும் அப்படித்தான். ஜனவரி இரண்டாம் வாரத்தில், ரொட்டிக்கடையில் கல்லாவில் உட்காரும் மர்லூசியாவின் வீட்டுக்கு, இரண்டு தெரு தள்ளி, குடிபோய்விட்டான். போகும்போது மனைவியிடம் சொல்லிக்கொள்ள அவனுக்குக் கால்மணி நேரம் ஆனது. மீன்களைக் கட்டி எடுத்துக்கொள்ள இரண்டு நாள் ஆனது. பெரிய தொட்டி, பெரிய மோட்டார், விளக்கு, தட்டு மாதிரி வட்டமாக நீலக் கோடு போட்ட அந்த விலையுயர்ந்த மீன்கள், எல்லாம் வண்டி ஏறின. சின்னத் தொட்டியை மட்டும் விட்டுவிட்டுப் போனான். அதில் கண்ணாடி துடைப்பான் என்கிற மீன்கள் பதினொன்று இருந்தன. விரல் நீளம்கூட வராத சாம்பல் மீன், பக்கவாட்டில் ஒரு கறுப்புக் கோடு, உறிஞ்சுகிற வாய். கண்ணாடியிலும் இலையிலும் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பாசியைச் சுரண்டித் தின்னும். தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்று சொல்லித்தான் கடைக்காரர்கள் விற்பார்கள். வாங்கிப்போகிறவர்கள் பளபளவென்று புதுத் தொட்டியில் விடுவார்கள். அங்கே தின்ன ஒன்றும் இருக்காது. ஒரு மாதத்தில் வயிறு ஒட்டிச் செத்துப்போகும். ஆற்றிலிருந்து கடைக்கு வந்துசேரும்போதே அது பட்டினியில் அரை உயிராகத்தான் இருக்கும். இதையெல்லாம் ஜுரேமா எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அடெனோர் மீன் வளர்க்க ஆரம்பித்த பிறகு ஒன்பது வருஷம் அவன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள், அவ்வளவுதான். பீன்ஸும் சோறும் ஒரு வாய்க்கு, மீன் விவரம் ஒரு வாய்க்கு.

“இதுங்க இடம் மாத்துனா தாங்காது. அங்க தொட்டி பழகட்டும், மூணு மாசம் கழிச்சு வந்து எடுத்துக்கறேன்,” என்றான். பிறகு கேட்டில் கைவைத்துத் திரும்பி, “உன் கையில மூணு மாசம் தாங்குமான்னுதான் தெரியல,” என்றான்.

முதல் ஒரு வாரம் அவள் அந்தத் தொட்டிப் பக்கமே திரும்பவில்லை. சாகட்டும் என்று மனதாரச் சபித்தாள். நாலு செத்தன. ஒன்றை வலைக்கரண்டியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தபோது, வயிறு இருக்கவேண்டிய இடத்தில் குழி இருந்தது. உயிரோடு இருந்த ஏழும் வெறும் கண்ணாடியை, ஒன்றுமே இல்லாத கண்ணாடியை, விடாமல் சுரண்டிக்கொண்டிருந்தன. அவளுக்குத் தாங்கவில்லை. இரக்கம் என்று சொன்னால் அவள் அடிக்க வருவாள். அவன் வந்து நின்று, நான்தான் அப்பவே சொன்னேனே என்று அந்தத் தலையை ஒரு ஆட்டு ஆட்டுவானே, அந்த ஆட்டலை அவனுக்குக் கொடுக்கக்கூடாது. அன்றே ஐந்து பேசின் வாங்கினாள், ஆற்றுக்குப் போய்க் கல் பொறுக்கினாள், மாடி வெயிலில் தண்ணீரில் போட்டாள். கொசு வராமலிருக்க, மணப்பெண் முக்காட்டுக்கு வெட்டியதில் மிஞ்சிய வலைத்துணியில் மூடி தைத்தாள். மூன்று நாளுக்கு ஒருமுறை பச்சை பிடித்த கல் கீழே போகும், சுரண்டிய கல் மேலே வரும். விளக்கும் இல்லாத அந்தத் தொட்டியில் வேறு பாசி வளர வழியில்லை. சௌசௌவை வேகவைத்துப் போட்டாள், வெள்ளரிக்காயை வில்லையாக நறுக்கிப் போட்டாள், ஒன்றும் மோந்துகூடப் பார்க்கவில்லை. கல்தான் வேண்டும் துரைகளுக்கு. இரண்டு மாதத்தில் ஏழும் கொழுத்தன. கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிறு கொண்டைக்கடலை மாதிரி தெரிந்தது. ஏப்ரலில் அவன் வந்து பார்க்கப்போகும் முகத்தை ஜுரேமா மனதில் தைத்து முடித்தே வைத்திருந்தாள்.

“அவ்வளவுதானே? அஞ்சும் ஆச்சு. இறங்கு, காப்பி போடறேன்,” என்றாள் மடியைப் பிடித்துக்கொண்டு. வீட்டுக்கு வந்தவருக்கு, கோபத்திலும், இங்கே காப்பி உண்டு.

எடிலேனி பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். “இன்னும் ஒண்ணு இருக்கு தோனா ஜுரேமா. தண்ணி டேங்குக்குப் பின்னால, சுவரோரம், ஒரு நீல பேசின் இருக்கும்னு எழுதியிருக்கு.”

ஜுரேமா நின்றுவிட்டாள்.

அந்த நீல பேசினை இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். டேங்குக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் குப்புறப் படுத்து நுழையுமளவுக்குத்தான் இடம். அடெனோர் தன் கற்களை அங்கேதான் வளர்ப்பான், காற்றில் தூசி விழாதாம். போகிற அவசரத்தில் அதை அப்படியே விட்டுவிட்டான். பிப்ரவரியில் ஒருநாள், துணி காயப்போடும்போது, டேங்கின் ஓரத்தில் அதன் நீல விளிம்பு அவள் கண்ணில் பட்டது. மழைத் தண்ணீர் நிறைந்திருந்தது. வலை இல்லை. மண்டியிட்டு நுழைந்து இழுத்திருந்தால் போதும். அவன் பொருள்தானே, அவனே வந்து எடுக்கட்டும், அவன் குப்பையை அள்ள நான் என்ன கூலிக்காரியா என்று முணுமுணுத்துவிட்டு, ஈரத் துணியை உதறிப் போட்டுவிட்டு இறங்கிவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. ஒருநாளும் மறக்கவும் இல்லை.

எடிலேனி மண்டியிட்டு, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். பேசினை இழுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. டார்ச் வெளிச்சத்தில் தண்ணீர் முழுக்கப் புழு, கமா கமாவாக, மேலே வருவதும் கீழே இறங்குவதுமாக நெளிந்தது.

“இது யாரோடது?”

“என் மாடி. என்னோடதுதான்,” என்றாள் ஜுரேமா. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே புரியவில்லை. அவன் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி, நீங்க பாக்கவே இல்லையா என்பதாக இருக்கும்.

ஒன்றில் இருந்தால் எல்லாவற்றையும் தேய்க்க வேண்டும். முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் இல்லாமலே ஒரு வருஷம் காத்திருக்கும். மழை பட்டால் உயிர் வரும். அதனால் ஆறு பேசினும் பிரஷ்ஷால் தேய்க்கப்பட்டன. பேசினில் இருந்த கல்லும் விலக்கல்ல. எடிலேனி கையை நீட்டினாள். ஜுரேமா மடியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். பிறகு ஒவ்வொரு கல்லாக அவளே எடுத்துக் கொடுத்தாள். பிளீச்சிங் தண்ணீரில் பச்சை முதலில் மஞ்சளானது, பிறகு வெள்ளையானது, பிரஷ் பட்டதும் உரிந்து போனது. இருபத்தெட்டு கற்கள் புதுப் பற்களைப் போல வரிசையாக வெயிலில் காய்ந்தன.

சமையலறையில் காப்பியை அவள் வைத்த வேகத்தில் பாதி சாஸரில் சிந்தியது. எடிலேனி அதைப் பார்க்காத மாதிரி சீஸ் பன்னைப் பிய்த்துத் தின்றாள். காகிதத்தில் கையெழுத்து வாங்கினாள். பதினைந்து நாளைக்கு மாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்கக்கூடாது, மறுபடி வந்து பார்ப்பாள்.

“யாருக்குக் காய்ச்சல் வந்து இந்தப் பக்கம் வந்தீங்க?”

“சொல்லக்கூடாது தோனா ஜுரேமா.” பன்னை மென்று முழுங்கினாள். “ரொட்டிக்கடை மர்லூசியா இருக்காங்கல்ல, அவங்க பொண்ணு. தைனாரா. பத்து வயசு. திங்கக்கிழமை ஆஸ்பத்திரியில சேத்தாங்க. ரத்தத்துல என்னமோ குறைஞ்சுகிட்டே போகுதாம்.”

ஜுரேமாவுக்கு அந்தப் பெண்ணைத் தெரியும். போன வருஷம் அதன் பள்ளிக்கூடச் சட்டைக்கு இவள்தான் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். அப்போது மர்லூசியா என்பவள் ரொட்டிக்கடை மர்லூசியா மட்டும்தான்.

“கொசு எவ்வளவு தூரம் பறக்கும்?”

“ரெண்டு தெருன்னா தாராளமா வரும்.” எடிலேனி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கப்பைக் கீழே வைத்தாள். “ஆனா இங்கேருந்துதான் போச்சுன்னு யாரால சொல்ல முடியும்? அந்தப் பக்கம் பழைய டயர் கடை வேற இருக்கு. யாராலயும் சொல்ல முடியாது.”

யாராலும் சொல்ல முடியாது என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எடிலேனி போனபிறகு ஜுரேமா மீன் தொட்டியின் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். திங்கட்கிழமை போட்ட கற்கள் மொட்டையாகிவிட்டன. ஏழும் கண்ணாடியில் ஒட்டியிருந்தன, இன்னும் கொண்டைக்கடலை வயிறுதான். நாளை கொஞ்சம் தட்டையாகும், நாளை மறுநாள் ஒட்டும், அதற்கப்புறம் குழி விழும். ஒருமுறை குழி விழுந்தால் பிறகு எவ்வளவு போட்டாலும் தேறாது, அடெனோர் சொல்லியிருக்கிறான். அடெனோர் எல்லாம் சொல்லியிருக்கிறான். நீல பேசினைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேரே போய் ஆபீசுக்காரர்களிடம் எழுதிக்கொடுத்திருக்கிறான். அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. போனை எடுத்தாள். இரண்டு மாதமாக அந்த எண்ணை அவள் அழுத்தியதில்லை.

“என்ன ஜுரேமா. ஆஸ்பத்திரியில இருக்கேன்.” குரல் கிசுகிசுப்பாக வந்தது.

“தெரியும். பொண்ணு எப்படி இருக்கு?”

“காலைல ரத்தம் எடுத்தாங்க. இன்னும் சொல்லல.”

“பேசினைப் பத்தி எழுதிக் குடுத்தது நீதானே?”

பின்னால் ஏதோ தள்ளுவண்டி உருண்டு போகிற சத்தம் கேட்டது. “கேட்டாங்க. சுத்துவட்டாரத்துல எங்கயாவது தண்ணி தேங்கி நிக்குதா, தெரியுமான்னு கேட்டாங்க. அப்பத்தான் எனக்கு அது ஞாபகம் வந்துச்சு. சொல்லிட்டேன்.”

“எனக்கு ஒரு போன் பண்ணி, அதைக் கவுத்துருன்னு சொல்ல வாய் வரலையா? ரெண்டு தெரு. நடந்து வந்து நீயே கவுத்திருக்கலாம்.”

“நீ கதவைத் திறந்திருப்பியா?”

திறந்திருக்க மாட்டாள். அது உண்மை என்பதே அவள் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது. “உன் பேசின்ல புழு இருந்துச்சு. அதால என் அஞ்சு பேசின் கல்லு அத்தனையும் போச்சு. பிளீச்சிங்ல போட்டுத் தேச்சுட்டா.”

“கல்லா?” அவன் குரல் மாறியது. கிசுகிசுப்பு போய், சாப்பாட்டு மேசை அடெனோர் வந்துவிட்டான். “எத்தனை மிச்சம் இருக்கு?”

“ஏழு.”

“ஏழா?” நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். அதை அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். “வயிறு?”

“உருண்டையா இருக்கு. இன்னைக்கு வரைக்கும்.”

“அப்ப ஒண்ணு பண்ணு. ஏழையும் பையில கட்டிக் கொண்டுபோய் மர்லூசியா வீட்டுல என் தொட்டியில விட்டுரு. புதுசா மணல் போட்டேன்ல, பூராப் பழுப்பு படிஞ்சு கெடக்கு. பச்சையைவிட அதுன்னா அதுங்களுக்கு உசிரு. கவலைப்படாத, எப்படியும் உன் கையில தாங்காதுன்னு நான் அப்பவே...”

அவள் போனை வைத்துவிட்டாள்.

அவன் சொன்னது சரி. அதுதான் வயிற்றெரிச்சல். புதுத் தொட்டிக்கு முதல் சில மாதம் பழுப்புத் தூசி மாதிரி ஒரு பாசி படியும். வீட்டுக்காரர்கள் அழுக்கு என்று முகம் சுளிப்பார்கள், கண்ணாடி துடைப்பான்களுக்கு அது விருந்து. இந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்றைய தேதிக்கு அந்தத் தீனி இருக்கிற ஒரே இடம் அவன் தொட்டி. கொண்டுபோய் விட்டால் மீன் பிழைக்கும், இரண்டு மாதம் அவள் வேலைக்காரியாக இருந்ததாகக் கணக்கு முடியும். வைத்துக்கொண்டால் மீன் சாகும், அவன் தலையை ஆட்டுவான். எப்படிப் போனாலும் ஜெயிப்பது அவன்தான். இருபத்திரண்டு வருஷக் குடித்தனமும் இப்படித்தான் நடந்தது என்று அவளுக்குத் தோன்றியது. எழுந்து பிளாஸ்டிக் பையைத் தேடினாள், கிடைத்ததைக் கசக்கி எறிந்தாள். பிறகு மாப்புப் போடுகிற வாளியை எடுத்துக் கழுவினாள். மீனைக் கொண்டுபோக மாட்டாள். அங்கிருந்து கல்லைக் கொண்டுவருவாள். அவன் வைத்த நீல பேசின் காரணமாகத்தான் அவள் கல் போனது, அவன் கல்லைக் கொடுத்து ஈடு கட்டட்டும். அவன் ஆஸ்பத்திரியில் இருந்தால் என்ன, மர்லூசியா வீட்டில் இருப்பாள்.

வாளியோடு இரண்டு தெரு நடந்தாள். பகல் மூன்று மணி வெயிலில் நாய்கூட நிழலை விட்டு நகரவில்லை. வழிநெடுக மர்லூசியாவுக்கான பேச்சை ஒத்திகை பார்த்தாள். என் புருஷனை எடுத்துக்கிட்ட, பேச்சில்ல. அந்த ஆளை வச்சுக்கோ, நல்லா வச்சுக்கோ, சாப்பாட்டு நேரத்துல உனக்கே தெரியும். எனக்கு வேண்டியது பத்துக் கல்லு. இதில் கடைசி வாக்கியத்தை எந்தத் தொனியில் சொல்வது என்று முடிவாவதற்குள் வீடு வந்துவிட்டது. கதவு திறந்தே இருந்தது. பிளீச்சிங் நெடி தெருவரைக்கும் வந்தது.

மர்லூசியா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, கையில் ரப்பர் உறையோடு, வாசலில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. ஜுரேமாவையும் வாளியையும் பார்த்தாள். ஜுரேமா வாயைத் திறப்பதற்குள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு ஒதுங்கி நின்றாள்.

“வாங்க தோனா ஜுரேமா. ஈரம், வழுக்கும், பாத்து.”

உதவிக்கு வந்திருப்பதாக நினைத்துவிட்டாள். வாளியோடு வந்தவளை வேறு எப்படி நினைப்பது? ஜுரேமா வாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். உள்ளே போனாள். நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்திருந்தன. பாய், திரை, பொம்மை எல்லாம் முற்றத்துக் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தன. சுவர்கூடத் தோளுயரம் வரை கழுவப்பட்டிருந்தது.

“குளிச்சு துணி எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன். அவரு அங்க இருக்காரு. ஆனா வீட்டைப் பாத்ததும் உக்கார முடியல. பொண்ணு திரும்பி வர்றப்ப ஒரு மூலையில ஒரு சொட்டு அழுக்கு இருக்கக்கூடாது.” நிறுத்தாமல் பேசினாள். “இது ஒண்ணுதான் பாக்கி. பாருங்க, எவ்வளவு அசிங்கமா இருக்கு.”

கூடத்தின் மூலையில் பெரிய தொட்டி. ஜுரேமா ஒன்பது வருஷம் துணி போட்டுத் துடைத்த தொட்டி. கண்ணாடி, மணல், கல் எல்லாவற்றிலும் பழுப்பு ஒரு மெல்லிய போர்வையாகப் படிந்திருந்தது. வட்ட மீன்கள் அதற்குப் பின்னால் மங்கலாக நகர்ந்தன. தொட்டியின் மேல்விளிம்பில் புதுக் கம்பி நார் ஒரு உருண்டை தயாராக இருந்தது.

“அதைத் தேய்க்காதே,” என்றாள் ஜுரேமா.

“ஏன்?”

“எனக்கு அந்தக் கல்லு வேணும். பத்துக் கல்லு. என் வீட்டுல சின்ன மீனுங்க இருக்கு. இதைத்தான் தின்னும். மாடியில வச்சிருந்த கல்லையெல்லாம் காலைல வந்து பிளீச்சிங்ல போட்டுட்டாங்க.”

மர்லூசியாவின் முகம் மெல்ல மாறியது. அவள் இப்போதுதான் வாளியைச் சரியாகப் பார்த்தாள். “உங்க மாடியில புழு இருந்துச்சாமே. அவரு போன்ல சொன்னாரு. ஜுரேமா மாடியில பேசின் பேசினா தண்ணி நிக்குது, அங்கேருந்துதான் வந்திருக்கும்னு சொன்னாரு.” குரல் உயரவே இல்லை. “என் பொண்ணு அங்க ஊசியோட படுத்துக் கெடக்குறா. நீங்க மீனுக்குக் கல்லு கேட்டு வந்திருக்கீங்க.”

இதற்குப் பதில் ஜுரேமாவின் வாயில் காலையிலிருந்து பழுத்துக் காத்திருந்தது. அது உன் ஆளோட பேசின். நீல பேசின். அவன் வச்சது, அவன் விட்டுட்டுப் போனது, என்னோடது அஞ்சுலயும் ஒரு புழு இல்ல. போய் அந்த மஞ்சள் சட்டைக்காரியைக் கேளு. ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வாளியோடு திரும்பியிருக்கலாம். சொல்லவும் செய்தாள்.

“நீல பேசின்லதான் புழு இருந்துச்சு. அது அடெனோரோடது. மத்த அஞ்சும் மூடி வச்சிருந்தேன், ஒண்ணுலயும் இல்ல.” அங்கே நிறுத்தியிருந்தால் போதும். நிறுத்த முடியவில்லை. “பிப்ரவரியிலயே பாத்தேன். தண்ணி இருந்தது தெரியும். அவன் பொருளைத் தொட மாட்டேன்னு விட்டுட்டேன்.”

அடிப்பாள் என்று ஜுரேமா நினைத்தாள். அடித்தால் வாங்கிக்கொள்வதா திருப்பிக் கொடுப்பதா என்றுகூட நினைத்தாள். மர்லூசியா ரப்பர் உறைகளை உருவித் தரையில் எறிந்தாள். கம்பி நாரை எடுத்தாள். முழங்கை வரை கையைத் தொட்டிக்குள் விட்டு முன்கண்ணாடியைத் தேய்க்க ஆரம்பித்தாள். தொட்டி ஆடியது. பழுப்பு தோல் தோலாக உரிந்து தண்ணீரில் புகைபோல எழுந்தது. வட்ட மீன்கள் மோட்டாருக்குப் பின்னால் ஒடுங்கின. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணாடி கீறுகிற சத்தம் வர, மேலிருந்து கீழே தேய்த்தாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. முகம் முழுக்கத் தெறித்த தண்ணீராக இருந்தது.

கண்ணாடி முடிந்ததும் கற்களுக்கு வருவாள். ஜுரேமா வாளியைக் கீழே வைத்தாள், சட்டைக் கையைச் சுருட்டினாள், மறுபக்கத்திலிருந்து தன் கையை உள்ளே விட்டாள். ஒரு கல், இரண்டு, மூன்று. மேல்பக்கத்தில் விரல் படாமல் அடியைப் பிடித்துத் தூக்கி வாளியில் வைத்தாள். நாலாவதை எடுக்கும்போது தண்ணீர் முழுக்கக் கலங்கிவிட்டது. மணலும் தெரியவில்லை, மீனும் தெரியவில்லை, மணிக்கட்டுக்குக் கீழே அவள் கையே அவளுக்குத் தெரியவில்லை. குருடி மாதிரி மணலில் துழாவினாள். கல் இருந்த இடமெல்லாம் வெறும் குழியாக அகப்பட்டது. எதிர்ப்பக்கம் தேய்க்கிற சத்தம் நின்றிருந்தது. மர்லூசியா தொட்டியின் விளிம்பில் நெற்றியை வைத்துக் குனிந்திருந்தாள், அவள் கையும் உள்ளேதான் இருந்தது.

ஜுரேமா இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டினாள். அந்தப் பழுப்புக்குள் எங்கிருந்தோ ஒரு கல் வந்து அவள் உள்ளங்கையில் உட்கார்ந்தது. அதன்மேல் இன்னொரு கை, விரல்கள் நசுங்கி வலிக்கும்படி, அழுத்திக்கொண்டே இருந்தது.